ஆள் அளவு வெற்றிடம்

கஜந்தினி அந்தச் சந்தைத் தெருவுக்கு ஒருநாளும் போனதில்லை. ஆனால் ஒரு வாரமாக, லண்டனின் மிச்சம் பகுதியிலுள்ள தன் வீட்டு முன்னறை மேசையில் இருந்தபடியே, அதில் மேலும் கீழும் நடந்துகொண்டிருந்தாள்.

அவள் வேலை செய்வது பக்கத்து ஊரான சட்டனில் உள்ள ஒரு சிறிய அளவை நிறுவனத்தில். பழைய கட்டடங்களையும் தெருக்களையும் லேசரால் அளந்து, கணினிக்குள் அப்படியே எழுப்பித் தருவது அவர்களுடைய தொழில். முக்காலியில் நிற்கும் கருவிக்குள் ஒரு கண்ணாடி சுழலும். அது நாலாபுறமும் ஒளியை வீசும். ஒளி எதிலாவது பட்டுத் திரும்பிவர எடுக்கும் நேரத்தைக் கொண்டு கருவி தூரத்தைக் கணக்கிட்டு, பட்ட இடத்தில் ஒரு புள்ளி வைக்கும். இப்படிக் கோடிக்கணக்கான புள்ளிகள் சேர்ந்தால் ஒரு தெரு.

இந்தத் தெரு ஜெர்மனியின் பழைய நகரம் ஒன்றிலிருந்து வந்திருந்தது. இருபுறமும் மரச்சட்டமிட்ட வீடுகள். ஒவ்வொரு மாடியும் கீழ்மாடியைவிடக் கொஞ்சம் தெருப்பக்கமாகத் துருத்திக்கொண்டிருந்தது. பார்க்கிறவர்களுக்கு இப்போது விழுமோ பிறகு விழுமோ என்றிருக்கும். உண்மையில் வெளியே நீளும் உத்தரத்தின் நுனியில் மேல்சுவரின் பாரம் அழுத்துவதால், அறையின் நடுப்பகுதி தொய்யாமல் நிமிர்ந்து நிற்கும். தெருமுனையில் சந்தைச் சரக்குகளை நிறுத்துக் கொடுத்த நிறுவைக் கூடம், அதன் மேல் மணிக்கூடு. சுவரில் ஓர் இரும்புச் சலாகை பதித்திருந்தது. துணி வாங்குகிறவர்கள் வியாபாரியின் அளவுகோல் சரிதானா என்று அந்தக் காலத்தில் அதில் வைத்துப் பார்ப்பார்களாம். கஜந்தினிக்கு இப்படிப்பட்ட சங்கதிகள் என்றால் சாப்பாடு மறந்துவிடும்.

இந்த முறை சாப்பாடு மறந்ததற்குக் காரணம் வேறு. அந்த நிறுவைக் கூடத்தைப் பற்றி அவளுக்கு முன்பே தெரியும். அவளுடைய அண்ணன் சயந்தன் தொலைபேசியில் சொல்லியிருந்தான்.

"என்னப்பா," என்று வீட்டுக் கூடத்திலிருந்து குரல் வந்தது. அவளுடைய கணவர் தியாகராஜா. "லைன்காரன் திங்கக்கிழமை வாறானாம். பழைய போன் கம்பியை நிப்பாட்டப்போறாங்கள். வீட்டு நம்பரை வைச்சிருக்கிறதோ விடுறதோ எண்டு கேக்கிறாங்கள். என்ன சொல்ல?"

"யோசிச்சுச் சொல்லுறன்."

"யோசிக்க என்ன கிடக்கு? அந்த போனுக்கு ஆர் எடுக்கினம்? போன மாசம் ஒருத்தன் எடுத்து, உங்கட கார் ஆக்சிடென்ட் பட்டதாமே எண்டான். எங்களிட்டக் காரே இல்லையெண்டன். அப்ப வாங்கினாப் பிறகு எடுக்கிறன் எண்டுறான்."

அவள் சிரிக்கவில்லை. அந்த எண்ணை அவள் ஏன் இத்தனை வருடமாக வைத்திருக்கிறாள் என்பது அவருக்கும் தெரியும்.

தொண்ணூறுகளின் கடைசியில், லண்டனுக்குக் களவாக ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரன் சயந்தனை அந்த ஜெர்மன் நகரத்தில் கொண்டுவந்து விட்டிருந்தான். சந்தைத் தெருவில் ஒரு போன் பூத் இருந்தது. அங்கிருந்து ஒரே ஒரு தடவை ஆறுதலாகப் பேசினான். அப்போதுதான் அடையாளமும் சொல்லிவைத்தான். லொறியில் ஏறப்போகும்போது தொலைபேசியை ஒரே ஒரு மணி அடிக்க விட்டு வெட்டுவான். லண்டன் வந்து இறங்கியதும் இன்னொரு மணி விடுவான். எடுக்கக் கூடாது. எடுத்தால் போன் பெட்டி காசை விழுங்கிவிடும். எடுக்காவிட்டால் போட்ட காசு அப்படியே திரும்பி விழும். அந்தக் காலத்தில் வந்துகொண்டிருந்த எல்லோருக்கும் இது பழக்கம். எத்தனையோ வீடுகளில் எடுக்காத தொலைபேசிதான் நல்ல செய்தி.

அடுத்த நாள் பின்னேரம் தொலைபேசி ஒரே ஒரு மணி அடித்து நின்றது. புறப்பட்டுவிட்டான்.

இரண்டாவது மணி வரவேயில்லை. செஞ்சிலுவைச் சங்கத்துக்கு எழுதிப் பார்த்தார்கள். ஏஜென்சிக்காரனைத் தேடிப் பார்த்தார்கள். ஒன்றும் தெரியவில்லை. அண்ணனுக்குத் திவசம் செய்யவும் இல்லை, செய்யாமல் விடுகிறோம் என்று சொல்லிக்கொள்ளவும் இல்லை. கூடத்துச் சுவரில் அந்தத் தொலைபேசி மட்டும் இருந்தது. வீடு இரண்டு தரம் வண்ணம் மாறியது. எண் மாறவில்லை.

நிறுவனத்துக்கு இந்த வேலை வந்தபோது, அளக்கப் போக ஏலாது என்று கஜந்தினி சொல்லிவிட்டாள். கூட வேலை செய்யும் ஹம்சினி போனாள். கோயம்புத்தூர்ப் பெண், கெட்டிக்காரி. தெருவில் கருவியை இடம் மாற்றி மாற்றி வைத்து அளந்து கொண்டுவந்தாள். அதையெல்லாம் பொருத்தி, ஓட்டைகளை அடைத்துக் கொடுக்க வேண்டியது கஜந்தினி.

ஓட்டை என்பது இதுதான். விளக்குக் கம்பம் ஒன்று கருவிக்கும் சுவருக்கும் நடுவில் நின்றால் ஒளி கம்பத்தோடு நின்றுவிடும். அதன் பின்னால் சுவரில் கம்பத்தின் வடிவில் ஒரு வெறுமை விழும், நிழல் மாதிரி. வேறோர் இடத்திலிருந்து அளந்த புள்ளிகளைக் கொண்டு அதை அடைத்துவிடலாம். நடந்து போகிற ஆட்கள் என்றால் கிழிந்த துணிபோல் புள்ளிகள் பறக்கும், அழித்துவிடலாம்.

சனிக்கிழமை மத்தியானம் அவள் பார்த்துக்கொண்டிருந்த வெறுமைக்கு முன்னால் கம்பம் இல்லை. ஆளும் இல்லை. ஆனால் பின்சுவரில் ஆள் அளவில், தலையும் தோளுமாக ஒரு கறுப்பு. நிழல் இருந்தது, நிழலுக்குரியது இல்லை.

ஹம்சினியை அழைத்தாள்.

"அக்கா, சத்தியமா யாருமே இல்ல. ஞாயித்துக்கிழமை விடியக்காலைல அளந்தேன், ஒரு புறா கூட இல்ல. கருவியோட கண்ணாடில ஏதாவது அழுக்கா இருக்கும், துடைச்சுப் பாருங்களேன். உங்ககிட்டதானே இருக்கு?"

"ஓம், இஞ்சதான். அந்தச் சுவருக்கு முன்னால என்ன இருந்தது, ஹம்சினி?"

"ஒண்ணும் இல்ல. தரையில நாலு போல்ட்டை வெட்டின தடம் மட்டும். பக்கத்து பேக்கரி அம்மா சொன்னாங்க, முன்னாடி அங்க போன் பூத் இருந்துச்சாம். ஏன் அக்கா?"

"சும்மா."

கண்ணாடியில் அழுக்கு என்பது நல்ல யோசனைதான். அவள் துடைத்தாள். கூடத்தின் நடுவில் முக்காலியை நிறுத்தி ஒரு தரம் சுழலவிட்டு, விலகி முன்னறைக்குள் நின்றாள். வாசற்கதவு, சப்பாத்து வைக்கும் ராக்கை, சுவரில் தொலைபேசி, எல்லாம் புள்ளி புள்ளியாக முழுமையாக வந்தன. ஓர் ஓட்டையும் இல்லை. அழுக்காக இருந்தால் கருவியை எங்கே வைத்தாலும் கருவியின் அதே பக்கத்தில்தான் ஓட்டை விழவேண்டும். தெருவில் அப்படி இல்லை. கருவி இடம் மாற மாற ஓட்டையும் சுவரில் இடம் மாறியிருந்தது. ஆளைச் சுற்றி விளக்கைக் கொண்டுபோனால் அவருடைய நிழல் சுற்றுமே, அப்படி.

அப்படியானால் கண்டுபிடிக்கலாம். ஒவ்வோர் ஓட்டையின் விளிம்பிலிருந்தும் கருவி நின்ற இடத்துக்குக் கோடுகள் இழுத்தால், எல்லாம் ஓரிடத்தில் வெட்டிக்கொள்ளும். ஒளியை மறித்தது அங்கேதான் நின்றிருக்க வேண்டும். அதன் உருவத்தையும் செதுக்கி எடுக்கலாம். ஒரு பலகைக் கட்டியை முன்னிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் நிழலின் விளிம்பளவுக்குச் செதுக்கிக்கொண்டே வந்தால் நடுவில் மிஞ்சுவது எதுவோ, அது.

அவள் செதுக்கினாள்.

நான்கு போல்ட் தடங்களுக்கு நடுவே ஓர் உருவம் எழுந்தது. முகம் இல்லை, நிழலில் முகம் வராது. சுவரைப் பார்த்து நின்றது. இடது கை காதருகே இருந்தது. வலது கை விலாவோடு மடங்கியிருந்தது. சயந்தன் சின்ன வயதில் சைக்கிளால் விழுந்து வலது முழங்கை முறிந்தவன். அது பிறகு நிமிரவேயில்லை. தொலைபேசியை எப்போதும் இடது கையால்தான் பிடிப்பான்.

கஜந்தினி சுவரிலிருந்த இரும்புச் சலாகையைத் திரையில் அளந்தாள். அளவில் பிழை இல்லை. உருவத்தின் உயரத்தை அளந்தாள். தன்னைவிட ஒரு தலை உயரம். பிறகு மெல்ல, யாரையோ எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல, மவுஸிலிருந்து கையை எடுத்தாள்.

"அண்ணை," என்றாள் திரையைப் பார்த்து. "நீங்கள் இன்னும் லொறியில ஏறேல்லையே?"

கூடத்தில் தொலைபேசி அடித்தது.

அவள் எழுந்து ஓடினாள். கை ரிசீவரில் பட்டுவிட்டது. அதன் உள்ளே மணியின் அதிர்வு இன்னும் ஓய்ந்திருக்கவில்லை. எடுக்கவில்லை. எடுக்கக் கூடாது என்றுதான் சொல்லியிருந்தான்.

ஒரு மணி. அவ்வளவுதான்.

குசினியில் தேநீர் போட்டுக்கொண்டிருந்த தியாகராஜா எட்டிப் பார்த்தார். "எடுத்திருக்கலாமே. கார்க்காரன் போல."

வெளியே டிராம் போகும் சத்தம் கேட்டது. பட்டப்பகல். வாசற்கதவுக் கண்ணாடியில் வெயில் விழுந்து கம்பளத்தில் கிடந்தது. கதவு பூட்டியபடியே இருந்தது. முக்காலி இன்னும் கூடத்தின் நடுவில் நின்றது. அவள் மறுபடியும் பொத்தானை அழுத்திவிட்டு, விலகி முன்னறைக்குள் நின்றாள்.

"வீட்டையும் அளந்து விக்கப்போறமோ?" என்றார் தியாகராஜா.

"கொஞ்சம் அதிலேயே நில்லுங்கோ. வெளியால வராதேங்கோ."

கண்ணாடி சுழன்று நின்றது. அவள் கணினியில் திறந்தாள். சப்பாத்து ராக்கை வந்தது. தொலைபேசி வந்தது. வாசற்கதவு முழுதாக வரவில்லை. அதன் நடுவில் ஆள் அளவுக்குப் புள்ளிகள் இல்லை. தலை, தோள், மடங்கிய வலது முழங்கை. இடது கை இப்போது காதில் இல்லை, கீழே தொங்கியது.

அவள் தெருவின் கோப்புக்குப் போனாள். இவ்வளவு நேரமும் கறுப்பாகக் கிடந்த சுவர், கல்லும் சாந்துமாக, விளிம்புவரை நிறைந்திருந்தது. செதுக்கிய உருவம் இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை. போல்ட் தடங்கள் மட்டும்.

பிறகு கூடத்து ஸ்கேனை எடுத்துத் தனியாகச் சேமித்தாள். ஓட்டையை அடைக்கவில்லை.

"திங்கக்கிழமை வாறவனுக்கு என்ன சொல்ல?" என்று தியாகராஜா குசினி வாசலில் நின்றபடி கேட்டார். "நம்பரை வைச்சிருக்கிறமோ?"

"விடச் சொல்லுங்கோ," என்றாள் கஜந்தினி. "இனித் தேவைப்படாது."

அவர் அவளையே பார்த்தார். இத்தனை வருடத்தில் இந்தப் பதிலை அவர் எதிர்பார்க்கவில்லை. பிறகு பால் வாங்கி வருவதாகச் சொல்லி ஜாக்கெட்டை எடுத்துக்கொண்டு வாசற்கதவை நோக்கி நடந்தார்.

"இஞ்சருங்கோ."

"என்ன?"

"அதால போகாதேங்கோ. ஓரத்தால போங்கோ."

தியாகராஜா நின்றார். முன்னால் வெறும் கம்பளமும் வெயிலும்தான். ஆனாலும் சுவரோடு ஒட்டி, பக்கவாட்டாக, சனம் நிறைந்த பஸ்ஸில் இறங்குகிறவர்போல நகர்ந்து கதவைத் திறந்தார். வெளியே போய்த் திரும்பிப் பார்த்தபோது அவருடைய முகம் வெளிறியிருந்தது.

"கஜந்தி," என்றார் மெதுவாக. "இதில டீசல் மணக்குது."