இருக்கிறேன் என்று அழுத்தவும்

என் கைப்பேசிக்கு என்மேல் அக்கறை அதிகம். காலையில் எழுந்ததும் தண்ணீர் குடி என்கிறது. கொஞ்ச நேரம் கழித்து முதுகை நிமிர்த்தி உட்கார் என்கிறது. நேற்று விட்ட பக்கத்திலிருந்து படி, லிஸ்பனுக்கு டிக்கெட் விலை இறங்கியிருக்கிறது, பாதியில் கிடக்கும் வேலைகளை முடி என்று நாள் முழுக்க நச்சரிக்கிறது. அதில் மனிதர்கள் யாரும் பேசுவதில்லை, அது ஒன்றுதான் குறை.

பிழைப்பு அப்படி. அம்மான் நகரத்தில், லுவைப்தே குன்றின்மேல் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடியில் உட்கார்ந்துகொண்டு ஓர் இணையதளத்துக்கு வாராவாரம் எழுதுகிறேன். வேலைக்கு ஒரு செயலி, வாசிப்புக்கு ஒன்று, பயணத்துக்கு ஒன்று. நாற்பதாயிரம் பேர் படிக்கிறார்கள். 'சித் ரிஹாப், நீங்கள் சொன்ன செயலியால் எவ்வளவு நேரம் மிச்சமாகிறது தெரியுமா!' என்று எழுதுகிறார்கள். சித் என்றால் அம்மணி. மிச்சமான நேரத்தில் என்ன செய்கிறார்கள் என்று ஒருவரும் சொல்வதில்லை. பயணச் செயலிகளை நான் சோபாவில் இருந்தபடியே சோதிப்பேன். திபிலிசியில் ஆற்றைப் பார்த்த அறையாகத் தேடிப் பிடித்து, பணம் கட்டும் பக்கம் வந்ததும் வெளியே வந்துவிடுவேன். மணவிலக்காகிப் பல வருஷம் ஆகிறது. பிள்ளைகள் இல்லை. தனியாக இருக்கப் பழகிவிட்டது என்று யார் கேட்டாலும் சொல்வேன். சுத்தப் பொய்.

ஒரு நாள் ஆசிரியர் லைஸ் குரல்செய்தி அனுப்பினார்.

"சித் ரிஹாப், இந்த வாரம் இத எடுத்துக்குங்க. தனியா இருக்கறவங்களுக்கான செயலியாம். இங்க ஆபீஸ்ல எல்லாருக்கும் குடும்பம் குட்டின்னு இருக்கு. உங்கள விட்டா இதுக்கு யாரு?"

நல்ல மனுஷன்தான். வாய்தான் விளங்காது.

செயலியின் பெயர் 'மவ்ஜூத்'. பள்ளிக்கூடத்தில் பேர் கூப்பிட்டால் 'இருக்கிறேன்' என்போமே, அதுதான் அர்த்தம். திரையில் ஒரே ஒரு பச்சை வட்டம். தினமும் நண்பகலுக்குள் அதை ஒரு தடவை அழுத்த வேண்டும். அழுத்தாவிட்டால் ஒரு நினைவூட்டல் வரும். அதற்கும் பதில் இல்லையென்றால் நாம் குறித்துவைத்த ஆளுக்குச் செய்தி போகும். அந்த ஆள் தன் கைப்பேசியில் சம்மதம் தெரிவித்தால்தான் செயலி வேலையே செய்யும். இவ்வளவுதான். எனக்குப் பிடித்திருந்தது. 'உங்களுக்காக வரக்கூடிய ஒருவர்' என்ற இடத்தில் பேரை நிரப்பத் தெரியாமல் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தேன்.

முதலில் ஹூஸ்டனில் இருக்கும் தம்பி கஸ்ஸானுக்குச் சம்மதம் கேட்டு அனுப்பினேன். உடனே பதில் வந்தது.

"யார்ரா நீ? எங்க அக்கா போனத் திருடிட்டியா? போலீசுக்குச் சொல்லிருவேன்."

நான்தான் என்று குரல்செய்தி அனுப்பினேன்.

"அட, நெஜமாவே நீதானா? ஏன், உடம்புக்கு ஏதாச்சுமா? வாரக் கடைசில பேசறேன், சரியா?"

எந்த வாரக் கடைசி என்று சொல்லவில்லை. சம்மதமும் வரவில்லை. என் கைப்பேசியில் சேர்ந்திருந்த பெயர்களை மேலிருந்து கீழே தள்ளிக்கொண்டே போனேன். பல் டாக்டர். பிளம்பர் பழசு. பிளம்பர் புதுசு. 'எடுக்காதே' என்று ஒரு பெயர், அது என் முன்னாள் கணவர். நாற்பதாயிரம் பேர் படிக்கிற எனக்கு, செத்தால் சொல்லி அனுப்ப ஓர் ஆள் இல்லை. அன்றைக்கு அழுதேன்.

எதிர்வீட்டு உம் ஃபரஜை, அதாவது ஃபரஜின் அம்மாவை, நினைக்காமல் இல்லை. நினைத்துத்தான் தவிர்த்தேன். எல்லாம் ஒரு சாப்பாட்டுத் தட்டால் வந்தது. முந்தின வருஷ ஈஸ்டருக்கு அவர் அரிசி அடைத்த திராட்சை இலைச் சுருள்களை ஒரு பெரிய நீலத் தட்டில் அடுக்கிக் கொடுத்தனுப்பினார். சாப்பிட்டேன், கழுவி வைத்தேன். வெறும் தட்டைத் திருப்பிக் கொடுக்க முடியுமா? பெருநாளுக்கு ஏதாவது செய்து கொடுக்கலாம் என்று வைத்தேன். எனக்குச் சமையல் வராது. ஒரு பெருநாள் போனது, இன்னொரு பெருநாளும் போனது. நாளாக ஆக, தட்டில் வைக்க வேண்டியதும் பெரிதாகிக்கொண்டே போனது. ஆட்டுக்குட்டியையே சமைத்து வைத்தால்தான் தாமதத்துக்கு ஈடாகும் என்ற நிலைமை வந்தபோது, அவர் படியில் இறங்கும் சத்தம் கேட்டால் கதவுக்குப் பின்னால் நின்று, போனபிறகு வெளியே வர ஆரம்பித்தேன்.

இனி வேறு வழியில்லை. கடையில் அதே இலைச் சுருளை வாங்கி, அதே நீலத் தட்டில் அடுக்கி, எலுமிச்சையை வட்டம் வட்டமாக நறுக்கி மேலே வைத்து, போய் மணியை அழுத்தினேன்.

கதவைத் திறந்த உம் ஃபரஜ் முதலில் தட்டைத்தான் பார்த்தார்.

"அடடே, தட்டு உசுரோடதான் இருக்கா? அதுக்குப் பூசை வைக்கச் சொல்லலாம்னு இருந்தேன்."

"கொஞ்சம் வேலை ஜாஸ்தி..."

"ஆமாமா, கதவுக்குப் பின்னால நிக்கறதே பெரிய வேலைதான். உள்ள வா."

ஒரு சுருளை எடுத்து வாயில் போட்டார். மென்றார். என்னைப் பார்த்தபடியே மென்றார்.

"டப்பால அடைச்ச இலை."

"எப்படிங்க..."

"வாங்கின கடையையும் சொல்லட்டுமா? எலுமிச்சம்பழம் மட்டும் உன்னோடது. நல்லா நறுக்கியிருக்க."

சிரித்துவிட்டேன். அப்புறம்தான் கூடத்தைக் கவனித்தேன். சுவரில் படங்கள் இல்லை. தரையில் விரிப்பு இல்லை. இரண்டு பெட்டிகள் நடுவில் வாயைத் திறந்துகொண்டு கிடந்தன.

"சனிக்கிழமை கிளம்பறேன். ஸ்வீடனுக்கு, ஃபரஜ்கிட்ட. வீட்ட வித்தாச்சு. இனிமே அம்மா தனியா இருக்கக் கூடாதுன்னு ஒத்தக் கால்ல நிக்கறான்."

இத்தனை காலம் யாருக்குத் தெரியாமல் ஒளிந்தேனோ அவர் போகிறார் என்றதும் அங்கேயே ஒரு பெட்டியின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன். வந்த விஷயத்தை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் சொன்னேன். செயலி, பச்சை வட்டம், ஒரு பெயர் தேவை.

"இதுக்கு எதுக்குடி செயலி?" என்றார். "தினம் காலைல உன் ஜன்னல் ஷட்டர் கடகடன்னு மேல போகும். அந்தச் சத்தம் கேட்டப்புறம்தான் நான் காபிக்குத் தண்ணி வைப்பேன். வெள்ளிக்கிழமை நீ லேட்டாத் தூக்குவ. அன்னைக்கு என் காபியும் லேட்டு. தலவலி வேற வந்துரும்."

"எப்பலேருந்து?"

"உன் புருஷன் போனதுலேருந்து. வேற எப்பலேருந்து?"

அவர் வீட்டிலிருந்து காலையில் என்ன சத்தம் வரும் என்று எனக்குத் தெரியாது. ஒரு நாளும் காதைத் தீட்டியதில்லை.

"ஸ்வீடன்லேருந்து ஷட்டர் கேக்காது," என்று கைப்பேசியை என் கையில் கொடுத்தார். "என் பேரப் போட்டுக்க. அப்படியே ஊருக்குப் போறவளுக்கு வேண்டியது என்னென்னவோ அதையும் இதுல போட்டுக் குடு. ஊருக்கெல்லாம் எழுதறியே, எனக்கும் சொல்லு."

சாயங்காலம்வரை அங்கே இருந்தேன். மவ்ஜூதுக்குச் சம்மதம் என்று அவரை அழுத்த வைத்தேன். மொழிபெயர்க்கும் செயலியைப் போட்டேன். விமானம் எந்த வாசலில் நிற்கிறது என்று சொல்வதை, வழி காட்டும் வரைபடத்தை, துப்பறியும் கதைகளைப் பெரிய எழுத்தில் காட்டுவதைப் போட்டேன்.

"இந்த மேப்பு ரொட்டிக்கடை எங்கன்னு காட்டுமா?"

"காட்டும்."

"ரொட்டி நல்லாருக்குமான்னு?"

"சாப்பிட்டவங்க நட்சத்திரம் குடுத்திருப்பாங்க."

"யாரு, ஸ்வீடன்காரங்களா? அவங்களுக்கு ரொட்டியப் பத்தி என்ன தெரியும்?"

சோதனைக்காக இல்லாமல் ஒருவருக்கு நான் செயலி போட்டுக் கொடுத்தது அன்றுதான் முதல் தடவை. என் கட்டுரைகள் எல்லாவற்றையும்விட அந்த ஒரு மாலைதான் உருப்படியான பரிந்துரை. சனிக்கிழமை டாக்சி வந்தது, கட்டிக்கொண்டார், போய்விட்டார்.

எதிர்வீட்டுக்கு யாரும் குடிவரவில்லை. வாங்கியவர் துபாயில் இருக்கிறாராம். மாடிப்படியில் என் செருப்புச் சத்தம் மட்டும்தான். ஒளிந்துகொள்ளக்கூட ஆளில்லாத வீடு எப்படியிருக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது. தினமும் பச்சை வட்டத்தை அழுத்தினேன். 'நன்றி, நீங்கள் இருக்கிறீர்கள்' என்று எழுத்து வரும். ஆரம்பத்தில் உம் ஃபரஜ் பேசுவார், பனியைக் காட்டுவார். பிறகு அதுவும் குறைந்தது. மகன் வீடு, பேரப்பிள்ளைகள், சந்தோஷமாக இருப்பார் என்று விட்டுவிட்டேன்.

மவ்ஜூத் பற்றிய என் கட்டுரையை வேறெதையும்விட அதிகம் பேர் படித்தார்கள். லைஸுக்குத் தலைகால் புரியவில்லை. கீழே வந்த கேள்விகளை நான் படித்தேன். தனியுரிமை உண்டா, காசு உண்டா என்று சிலர் கேட்டிருந்தார்கள். மற்றவர்கள் எல்லாரும், இர்பிதிலிருந்து, அகபாவிலிருந்து, எங்கெங்கிருந்தோ, ஒரே கேள்வியைத்தான் வேறு வேறு விதமாகக் கேட்டிருந்தார்கள். யார் பேரைப் போடுவது? 'அருகில் இருக்கும் ஒருவரை' என்று பதில் எழுதிவிட்டு, கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தேன்.

குளிர் ஆரம்பித்த ஒரு நாள், நான் வட்டத்தை அழுத்தவில்லை. மறக்கவில்லை. வேலை செய்கிறதா என்று சோதிக்கிறேன் என எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சோதனையும் இல்லை, மண்ணும் இல்லை. யாராவது என்னைத் தேடுவார்களா என்று பார்க்க ஆசையாக இருந்தது. நண்பகல் போனது. நினைவூட்டல் வந்தது. தொடவில்லை. செய்தி போயிருக்கும். கைப்பேசியை மேசையில் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தேன். தண்ணீர் குடி என்றது. முதுகை நிமிர்த்து என்றது. உம் ஃபரஜ் கூப்பிடவில்லை. தேநீர் போட்டுக் குடித்தேன். அப்போதும் கூப்பிடவில்லை. அவ்வளவுதான், என்று நினைத்தேன்.

பிற்பகல் அஸர் தொழுகைக்கான பாங்கு முடிந்த கையோடு மாடிப்படியில் தடதடவென்று சத்தம். கதவுக்கு வெளியே ஆண்கள் சண்டை.

"ஒடைக்காத, முதல்ல தட்டு!"

"தட்டினா செத்தவங்க தொறப்பாங்களா?"

"அப்போ டிரில்ல எடு!"

கதவைத் திறந்தேன். மளிகைக் கடை அபூ சினான், துளைபோடும் கருவியோடு பூட்டுக்காரர், மூச்சு வாங்கிக்கொண்டு மாதா கோயிலில் மணியடிக்கும் கோயில்பிள்ளை மித்ரி. மூன்று பேரும் என்னைப் பார்த்துப் பின்வாங்கினார்கள்.

"சாகலையா சித்?" என்றார் அபூ சினான். குரலில் கொஞ்சம் ஏமாற்றம் இருந்த மாதிரிகூடப் பட்டது. "உம் ஃபரஜ் ஸ்வீடன்லேருந்து கடை போனுக்கு அடிச்சு ஒரே அழுகை. போய் கதவ ஒடைடாங்கறாங்க."

"எனக்கு மூணு தரம் அடிச்சாங்க," என்றார் மித்ரி. "பாதர கூட்டிட்டு ஓடுன்னாங்க. சித் முஸ்லிமாச்சே, பாதர் எதுக்குன்னேன். முதல்ல கதவ ஒடை, மதத்த அப்புறம் பாக்கலாம்னுட்டாங்க."

"நான் கடைய தொறந்து போட்டுட்டு வந்துருக்கேன்," என்றார் பூட்டுக்காரர்.

"குளிச்சுக்கிட்டிருந்தேன்," என்றேன். என் தலையில் ஒரு சொட்டு ஈரமில்லை. யாரும் அதைச் சொல்லவில்லை. உயிரோடு இருப்பதற்கு இறைவனுக்கு நன்றி சொன்னார்கள், உள்ளே வந்தார்கள், உட்கார்ந்தார்கள். வந்தவர்களைக் காபி இல்லாமல் அனுப்ப முடியாது. மூவருக்கும் சேர்த்து வீட்டில் இரண்டு கோப்பைதான் தேறியது. மித்ரி பல் துலக்கும் கண்ணாடி டம்ளரில் குடித்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்றார்.

அவர்கள் இறங்கிப்போன பிறகு நானே உம் ஃபரஜைக் கூப்பிட்டேன். திரையில் அழுது வீங்கிய முகம்.

"எனக்கு ஏன் ஒரு போன் பண்ணல?" என்றேன்.

"செத்தவளுக்கு யாராவது போன் பண்ணுவாங்களா, கழுத?" என்று கத்தினார். மூக்கைத் துடைத்துக்கொண்டார். "வேணும்னுதான அழுத்தல?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "ஆமா."

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. அவருக்குப் பின்னால் ஒரு வெள்ளைச் சுவரும் ஒரு நாற்காலியும் தெரிந்தன. பேரப்பிள்ளைகளின் சத்தம் எதுவும் கேட்கவில்லை.

"நல்லாத்தான் வேலை செய்யுது உன் செயலி," என்றார் மெல்ல. "எனக்கும் போட்டுக் குடு. உன் பேருல."

"உங்களுக்கு எதுக்குங்க? ஃபரஜ் வீட்டுலதான இருக்கீங்க?"

"அவன் வீடு சின்னது. எனக்குத் தனியா ஒரு ரூம் பாத்துக் குடுத்துருக்கான். நல்ல பையன், ஞாயித்துக்கிழமையானா தவறாம வந்துருவான்." மறுபடியும் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "திங்கக்கிழமை எனக்கு ஏதாவது ஆச்சுன்னா?"

நான் கணக்குப் போட்டுப் பார்க்க விரும்பவில்லை. ஆனாலும் மனசு போட்டுவிட்டது: அடுத்த ஞாயிறு வர ஆறு நாள்.

"எனக்குச் செய்தி வந்தா நான் யாருக்குங்க சொல்லுவேன்? அங்க எனக்கு ஒரு மளிகைக் கடைக்காரரக்கூடத் தெரியாதே."

"எனக்கும்தான் தெரியாது," என்றார் உம் ஃபரஜ். "யாருக்கும் சொல்ல வேணாம். கதவ ஒடைக்கவும் வேணாம். அன்னைக்கே நீ ஒருத்தி தெரிஞ்சுக்கிட்டாப் போதும்."

எங்கே அழுத்த வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு, உதட்டை அசைத்துப் படித்துப் படித்து அழுத்தினார். என் திரையில் அவர் பெயர் வந்தது. 'இவருக்காக வரச் சம்மதமா?' என்று கேட்டது. ஸ்வீடனுக்கு நான் எப்படிப் போவேன்? சம்மதம் என்று அழுத்தினேன்.