மஞ்சள் பூசிய குட்டிகள்

"ஜனவரி 16. தவறு என்னுடையது. கழுவினால் போகிற சாயத்தால் அடையாளம் வைத்தேன்."

நோட்டில் இப்படி எழுதிய முத்துமீனாவுக்கு ஆத்திரம் அடங்கவில்லை. சினையாக இருந்தபோது பூச்சிமருந்தடித்த பருத்திக்காட்டில் மேய்ந்த நான்கு ஆடுகளின் குட்டிகளுக்குச் சிவப்பு, மற்றவற்றுக்கு நீலம் என்று நெற்றியில் பூசி, நாய் குரைத்தால் எது ஓடுகிறது என்று மாலை வகுப்பின் அறிவியல் ஆய்வுக்காக இருபது நாளாகக் குறித்துவந்தாள். சிவப்புக் குட்டிகள் பெரும்பாலும் அசையாமல் நின்றன. தற்செயலோ என்ற சந்தேகம் அவளுக்கே உண்டு. இன்று மாட்டுப்பொங்கல். அண்ணன் தங்கப்பாண்டி எல்லாக் குட்டிகளையும் கண்மாயில் குளிப்பாட்டி, மஞ்சள் பூசி நிறுத்திவிட்டான். அத்தனையும் ஒன்றுபோல இருக்கும் கருப்புக் குட்டிகள்; சாயம் போனபின் எது எதுவென்றே தெரியவில்லை.

"என்ன காரியம்ணே பண்ணிவச்சிருக்க! எது எதுன்னு இனி எப்படிக் கண்டுபிடிப்பேன்?"

"பொங்கலுக்கு அழுக்கோடயா நிறுத்துவாக? நாய்க்குப் பயப்படலைன்னா வீரமான குட்டி தாயி, அம்புட்டுத்தான்."

"நாய் கடிச்சுப்போட்டா தெரியும் அந்த வீரம். அடுத்த வாரம் பருத்திக்கு மறுபடி மருந்தடிக்கப்போற. மூணு ஆடு சினையா நிக்குதுண்ணே."

"சரி, மருந்தாலதான்னு நோட்டுல எழுதிக் காட்டு. சினையாடுகளை அந்தப் பக்கமே விடலை."

தற்செயல் இல்லை என்று காட்ட இன்னும் பல நாள் பார்க்க வேண்டும்; எந்தக் குட்டி எது என்று தெரியாமல் எப்படி? வெகுநேரம் யோசித்து எழுதினாள்: "தாய் ஆடு தன் குட்டியைத்தான் பால் குடிக்க விடும். நாளை காலை ஆறு மணிக்கு, தாய்களை ஒவ்வொன்றாக அவிழ்த்துவிட்டு, குடிக்கிற குட்டியின் கழுத்தில், தாய்க்கு ஏற்பச் சிவப்பு அல்லது நீல நூல் கட்ட வேண்டும்."