வியாழக்கிழமை இன்டர்வியூ

1

இந்தக் கதை ஒரு விளம்பரத்தின் மேல் வந்த கோபத்தில் பிறந்தது. மறைப்பானேன். பேருந்து நிறுத்தத்தில் ஒட்டியிருந்தார்கள்: 'மனநல ஆலோசனை இனி வீடியோ அழைப்பில். உங்கள் அறையின் அமைதியிலிருந்தே பேசுங்கள்.' படத்தில் ஒரு பெண், சோபாவில் கால் மடக்கி, மடியில் பூனையோடு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எந்த அறை? யாருடைய அமைதி? ஒரே கூடத்தில் நாலு பேர் உண்டு, உறங்கி, சண்டை போட்டுச் சமாதானமாகிற வீட்டில் இந்த அம்மாள் எங்கே போய்க் காலை மடக்குவாள்?

திட்டி ஒரு கட்டுரை எழுதத்தான் உட்கார்ந்தேன். இரண்டாவது பத்தியிலேயே ஒருத்தி வந்து நின்றுவிட்டாள். அவளுக்கு அந்த வீடியோ அழைப்பு தேவைப்பட்டது. அவசரமாகத் தேவைப்பட்டது. நான் வாயை மூடிக்கொண்டு அவளுக்கு இடம் விட்டேன்.

2

முதல் தொடக்கம்: 'அவள் ஜன்னலோரம் அமர்ந்து மழையை' — வேண்டாம். அந்த வீட்டில் ஜன்னலோரம் அம்மாவின் தையல் மெஷினுக்குச் சொந்தம்.

இரண்டாவது: 'இருள் அவளுக்குள் ஒரு கடலைப் போல' — எழுதிய கையை நானே கிள்ளிக்கொண்டேன். மனசு சரியில்லாதவள் என்றாலே கடலையும் இருளையும் தூக்கிக் கொடுத்துப் பழகிவிட்டோம். இவளுக்கு வந்தது அதெல்லாம் இல்லை.

மூன்றாவது நிற்கிறது: போன் அடித்தால் அவளுக்கு மூச்சு நின்றது.

அவள் வேலையே போன் எடுப்பதுதான். ஒரு பார்சல் கம்பெனியில், வந்து சேராத பொருளுக்கும் உடைந்து வந்த பொருளுக்கும் வசவு வாங்குகிற நாற்காலி. குடும்பத்திலேயே முதலில் பட்டம் வாங்கியவள், இப்போது மாதச் சம்பளத்துக்குத் திட்டு வாங்கிக்கொண்டிருந்தாள். ஒரு நாள் மணி அடித்தபோது ஹெட்செட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு எழுந்து ஓடினாள். கழிப்பறையில் தாழிட்டு, குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர்ச் சத்தத்துக்குள் உட்கார்ந்திருந்தாள். அப்புறம் வீட்டில் அப்பாவின் போன் அடித்தாலும் அதே கதிதான்.

பக்கத்து நாற்காலிக்காரிதான் ஒரு மருத்துவமனையின் வீடியோ ஆலோசனையைப் பற்றிச் சொன்னாள். "நானே பேசிட்டுத்தான் இங்க உக்காந்திருக்கேன்டி. இல்லேன்னா எப்பவோ மேனேஜர் மண்டையில ஹெட்செட்ட உடைச்சிருப்பேன்."

வியாழக்கிழமை அவளுக்கு வார விடுமுறை. அன்று மாலைக்கு நேரம் கிடைத்தது. இடம்தான் கிடைக்கவில்லை.

3

இப்போது பொய்யைச் சொல்லியாக வேண்டும்.

(வாசகருக்கு ஒரு குறிப்பு. எங்கள் மாதிரி வீடுகளில் 'கொஞ்ச நேரம் தனியா இருக்கணும்' என்று சொன்னால், 'ஏன், யார்கூட சண்டை?' என்று கேட்பார்கள். அமைதி பரீட்சைக்கு மட்டும்தான் கிடைக்கும். பரீட்சை என்று சொல்லிவிட்டால் போதும், வீடே மூச்சை அடக்கிக்கொள்ளும். நானும் அப்படித்தான் படித்தேன்.)

அவள் படித்த காலத்தில், லாரி ஓட்டுகிற அப்பா வண்டியைத் தெருமுனையிலேயே அணைத்துவிட்டு நடந்து வருவார். அம்மா பாதித் தையலில் மெஷினை நிறுத்துவாள். அந்த அமைதியை மறுபடி கேட்டு வாங்க அவளுக்கு ஒரே ஒரு வார்த்தைதான் இருந்தது.

"வியாழக்கிழமை எனக்கு இன்டர்வியூ. வீடியோவுல."

"பெரிய கம்பெனியா?" என்றாள் அம்மா.

"ஆமா."

அவ்வளவுதான். அம்மா அவளுடைய சட்டைக்கு இஸ்திரி போட்டாள். நேரம் வந்ததும் தங்கச்சியை இழுத்துக்கொண்டு வெளியே போய்ப் படியில் உட்கார்ந்தாள். அப்பா வாசலில் நின்று வருகிறவர்களையெல்லாம் திருப்பி அனுப்பினார். கூடத்துக்கும் வாசலுக்கும் நடுவே ஒரு திரைச்சீலை. கதவு கிடையாது.

ஆலோசகர் நடுவயதுப் பெண். "போன் அடிக்கும்போது உடம்புல முதல்ல எங்க தெரியுது?" என்று கேட்டார்.

"தப்பா சொல்லிட்டா?"

"இதுல பாஸ், பெயில் எல்லாம் இல்லம்மா."

பாஸ், பெயில் இல்லாத ஒரு கேள்வியை அவள் வாழ்நாளில் சந்தித்ததே இல்லை. அழுதாள். கண் சிவந்து வெளியே வந்தாள்.

"வேலைக்கு எடுக்கலையா?" என்றாள் அம்மா.

"இன்னொரு ரவுண்டு இருக்கு."

அடுத்த வாரமும் ரவுண்டு. அதற்கடுத்த வாரமும். ஒவ்வொரு முறையும் சிவந்த கண். "ஏன்க்கா, அது கம்பெனியா, குத்துச்சண்டை மேடையா?" என்றாள் தங்கச்சி. "அவனுங்களுக்குக் கொடுத்து வைக்கல, விடு" என்றார் அப்பா. சொல்லும்போதே அவர் தாடை இறுகியது. அவள் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன்.

4

இந்த அப்பாவைப் பற்றி எனக்கு ஒரு தகராறு உண்டு.

முதல் கைப்பிரதியைப் படித்த நண்பர் ஒருவர் சொன்னார்: "அந்தாளு குடிச்சிட்டு வந்து போனைத் தூக்கி அடிக்கணும். அப்பத்தான் கதைக்கு வலு."

ஏன் அடிக்கணும்? இல்லாதப்பட்ட வீட்டு அப்பா என்றால் அடித்தே தீர வேண்டுமா? புத்தகம் வாங்குகிறவர்கள் கண் கலங்குவதற்காக எங்கள் அப்பன்மார்கள் இன்னும் எத்தனை கதைகளில் குடிக்க வேண்டும்? அந்த நண்பர் இப்போது என்னோடு பேசுவதில்லை. நல்லது.

என் சந்தேகம் வேறு. வாரா வாரம் வாசலில் காவல் நிற்கிறவர், மகள் அழுதுகொண்டு வருவதை எத்தனை வாரம் பார்த்துக்கொண்டிருப்பார்? இன்னும் ஒரு பக்கத்துக்கு அவரை வெளியிலேயே நிறுத்தப் பார்த்தேன். 'அப்பா மௌனமாகத் தெருவையே வெறித்து' — பொய். மௌனம் அவருக்கு வராது. இன்ஜின் சத்தத்துக்கு மேலே பேசியே பழகிய தொண்டை அது. நான் அழைக்காமலே உள்ளே வந்துவிட்டார்.

5

அன்றைக்கு அவள் அதுவரை யாரிடமும் சொல்லாததைச் சொல்லிக்கொண்டிருந்தாள். "நான் விழுந்தா மொத்த வீடும் விழுந்துரும் மேடம். அதான் எனக்கு விழவே பயம்." சொல்லி முடிப்பதற்குள் விம்மல் வெடித்துவிட்டது. அது திரைச்சீலையைத் தாண்டி வாசலுக்குப் போனது.

திரைச்சீலை பறந்தது. அப்பா போனுக்கு முன்னால் வந்து விரலை நீட்டினார். அவர் கை பட்டு இயர்போன் போனிலிருந்து கழன்று விழுந்தது.

"யாருங்க நீங்க? எத்தனை வாரமா எம்புள்ளைய கேள்வி கேட்டு அழ வைப்பீங்க? வேலை குடுக்குறதா இருந்தா குடுங்க, இல்லேன்னா ஆள விடுங்க! உங்கள விட்டா ஊர்ல கம்பெனியே இல்லையா?"

"அப்பா, போங்கப்பா!"

"நீ சும்மா இரு. இவ எங்க வம்சத்துலயே முதல் டிகிரி, தெரியுமா உங்களுக்கு?"

ஆலோசகர் பதறவில்லை. "உங்க அக்கறை புரியுதுங்க ஐயா. ஆனா நான் யாருன்னு நான் சொல்ல மாட்டேன். அவங்க விருப்பப்பட்டா அவங்க சொல்லட்டும்." பிறகு அவளைப் பார்த்து, "இன்னிக்கு நிறுத்திக்கலாமா, தொடரலாமா? நீங்க சொல்றதுதான்" என்றார்.

(இந்த இடத்தில் நான் கரண்ட்டை நிறுத்தியிருக்கலாம். எழுதுகிறவர்கள் கையில் இருக்கும் மலிவான ஆயுதம் அது. தொடவில்லை.)

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "தொடரலாம் மேடம். ரெண்டு நிமிஷம் குடுங்க." திரும்பினாள். "இது இன்டர்வியூ இல்லப்பா. இவங்க மனசுக்குப் பாக்குற டாக்டர்."

அதற்குள் அம்மாவும் தங்கச்சியும் உள்ளே வந்திருந்தார்கள்.

"மனசுக்கா? யாராச்சும் உன்ன ஏதாச்சும் பண்ணிட்டாங்களாடி?"

"இல்லம்மா. போன் அடிச்சா மூச்சு நிக்குது. செத்துருவேனோன்னு பயமா இருக்கு."

"அத எங்ககிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னா மெஷினை நிறுத்தியிருப்பியா? இன்டர்வியூன்னாதானே நிறுத்துவ!"

அம்மா திரும்பி மெஷினைப் பார்த்தாள்.

அப்பா தலையைச் சொறிந்தார். "அப்ப நான் திட்டுனது..."

"டாக்டரைத்தான்ப்பா."

"நல்லா கிழிச்சீங்கப்பா" என்றாள் தங்கச்சி. "அடுத்த டோக்கன் உங்களுக்குத்தான் போடப்போறாங்க."

ஆலோசகர்கூடச் சிரிப்பை அடக்கினார். அப்பா போனைப் பார்த்துக் கும்பிட்டார். "மனசுல வச்சுக்காதீங்க டாக்டரம்மா. புள்ள அழுதா கேட்டுட்டு நிக்க முடியல." கொஞ்சம் தயங்கி, "அழுதா நல்லதுங்களா?" என்றார்.

"சில நாள் நல்லதுதாங்க."

"அப்ப அழட்டும்." அம்மாவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனார்.

6

முடிவு, அ: அவள் முழுக்கக் குணமாகிறாள், பதவி உயர்வு கிடைக்கிறது — அடித்துவிட்டேன். மனசு என்ன பஞ்சர் ஒட்டுகிற டயரா?

முடிவு, ஆ: அவள் வீட்டை விட்டு வெளியேறித் தனியாக — பாராட்டுவார்கள் என்று தெரியும். அதற்காகவே அடித்தேன். அவள் கேட்டது வாரத்துக்கு அரை மணி நேரம். வீட்டைத் துறக்கக் கேட்கவில்லை.

என்னிடம் இருப்பது இதுதான். அலுவலகத்தில் அவள் மேனேஜரிடம் போய், போன் நாற்காலியை மாற்றிக் கொடுங்கள் என்று கேட்டாள். முதலில் முறைத்தான், அப்புறம் கடிதங்களுக்குப் பதில் எழுதுகிற மேசையைக் கொடுத்தான். போன் அடித்தால் இன்னும் சில நாள் மூச்சு சிக்குகிறது, சில நாள் சிக்குவதில்லை.

அப்பா திட்டியதற்கு அடுத்த வியாழக்கிழமைக்கு வருகிறேன். இனிமேல் இன்டர்வியூ என்ற பேர் இல்லை. அந்தப் பேர் இல்லாமல் அமைதி கிடைக்குமா? அவளுக்குத் தெரியாது. கேட்கவும் கூச்சம். போனைச் சுவரில் சாய்த்துவிட்டுக் காத்திருந்தாள். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஓடிக்கொண்டே இருந்தது. பிறகு ஒரு சட்டைக் கையின் பாதியில் நின்றது. அம்மா எழுந்து வெளியே போனாள்.

ஆலோசகரின் முகம் திரையில் தெரிந்த நேரம், வாசலில் எதிர்வீட்டுக்காரர் குரல் கேட்டது.

"என்னண்ணே, இன்னிக்கும் பொண்ணுக்கு இன்டர்வியூவா? இன்னுமா எடுக்கல?"

உள்ளே அவள் விறைத்துப்போனாள். பேனாவைப் பிடித்திருந்த நானும்தான். வெளியே பழைய பொய் தயாராக இருந்தது. ஒரு 'ஆமாம்' போதும், யாருக்கும் ஒன்றும் தெரியாது.

"இன்டர்வியூவும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்றார் அப்பா. இன்ஜினை மீறிப் பழகிய அதே தொண்டை. தெருவே கேட்டது. "மனசு சரியில்ல, டாக்டர்கிட்ட பேசுது. காலு ஒடைஞ்சா போக மாட்டோமா? அரை மணி நேரம் இந்தப் பக்கம் சத்தம் போடாம போய்யா."

ஆலோசகருக்கும் கேட்டுவிட்டது. "இனிமே நம்ம ரகசியம் காப்பாத்துறதுல அர்த்தமே இல்ல போல" என்றார். அவள் சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். வெளியே யாரும் பதறி ஓடி வரவில்லை.

"சரி, சொல்லுங்க. இந்த வாரம் எப்படி இருந்துச்சு?"

அவள் மூச்சை இழுத்து விட்டாள். வாயைத் திறந்தாள்.

போதும். அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று எனக்குத் தெரியும். எழுத மாட்டேன். வாசகரே, நீங்களும் எழுந்திருங்கள். செருப்பை மாட்டிக்கொள்ளுங்கள். படியில் அம்மா தள்ளி உட்கார்ந்து நமக்கும் இடம் விட்டிருக்கிறாள், நான் முன்னால் போகிறேன். நீங்கள் வரும்போது திரைச்சீலையை இழுத்து விட்டுவிட்டு வாருங்கள்.