கீரிப்பாறை ஏற்றத்தில் ஒரு பந்தி

வாடகைச் சைக்கிள் கடை குமாரதாஸுக்கு, அந்த வருஷ ஓணத்துக்குத் தான் போட்ட திட்டத்தை நினைத்தால் தனக்கே புல்லரித்தது. கீரிப்பாறை மலைக்குச் சைக்கிள் பந்தயம். பாதி ஏற்றத்தில் இலை போட்டுச் சாப்பாடு. மூன்று பாயசத்தையும் மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டு மீதி மலையை ஏற வேண்டும். உச்சிக்கு முதலில் போகிறவனுக்கு ஒரு செவ்வாழைக்குலை.

சமையலுக்குப் பேசிய நல்லபெருமாள்தான் முறுக்கிக்கொண்டார். “பந்தின்னா சேந்து இருந்து, சேந்துதான் எழும்பணும். ஒருத்தன் தின்னுட்டு இருக்கும்போ இன்னொருத்தன் எழும்பினா நான் வெளம்ப மாட்டேன்.”

சோறு வடிக்க வந்தவருக்குச் சட்டம் எதுக்கு என்று குமாரதாஸுக்குப் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் ஓண நாளில் வேறு சமையல்காரன் எங்கே கிடைப்பான்? பல்லைக் கடித்துக்கொண்டு அதையும் விதியாக எழுதிக் கடைவாசலில் ஒட்டினான்.

மறுநாள் முதல் ஆளாகப் பெயர் கொடுக்க வந்தவர் தாணுமாலயம் பிள்ளை. கல்யாண வீட்டில் அவர் அப்பளத்தை நொறுக்கி முடிப்பதற்குள் அடுத்த பந்திக்கு நிற்கிறவர்கள் பசியில் சுருண்டுவிடுவார்கள்.

“பாட்டா, உமக்குச் சைக்கிள் விடத் தெரியாதே!” என்று அலறினான் குமாரதாஸ்.

“அதுக்கென்ன மக்கா, நான் மெள்ள நடந்து வாறேன். நான் வந்து இருக்காம எவன் இலையில சோறு விழும்?”