அடிவாரத்து வெயில்

“காரைத் தொடைக்கறது நம்ம மூஞ்சியப் பாக்கறதுக்காங்கப்பா?”

ஜெயமேரி ஐந்து வயதில் ஒருநாள் கேட்ட கேள்வி. ஸ்தனிஸ்லாஸ் துடைப்பதை நிறுத்தாமலே பதில் சொன்னார். “நம்ம மூஞ்சி தெரிஞ்சாப் பத்தாது கண்ணு. பொறத்தால நிக்கறவங்க மூஞ்சியும் தெரியோணும்.”

சேலத்து ஆஸ்பத்திரி வாசலில், டாக்சிக்காரன் குழந்தைவேலின் கறுப்பு அம்பாசடருக்குள் கணவரின் உடலை ஏற்றிக்கொண்டிருந்தபோது சாந்தாமேரிக்கு ஏனோ அதுதான் ஞாபகம் வந்தது. கேட்ட பிள்ளைக்கு இப்போது கல்யாணமாகிவிட்டது. எஸ்.டி.டி. பூத்திலிருந்து தகவல் சொன்னதும், மலைமேல் வீட்டில் அவள் சாமியாருக்கும் சொந்தக்காரர்களுக்கும் ஆள் அனுப்பிக்கொண்டிருப்பாள்.

“காலைக் கொஞ்சம் மடக்கிக்கலாங்க அக்கா. தலைய உங்க மடில வெச்சுக்கங்க. தூங்கறாப்ல இருக்கட்டும்” என்றான் குழந்தைவேல். ஸ்தனிஸ்லாஸின் பாதங்களைக் கதவு இடிக்காதபடி தன் துண்டைச் சுற்றிவிட்டு, மெதுவாகச் சாத்தினான்.

ஸ்டாண்டில் நின்ற மற்ற டாக்சிகள் எல்லாம் ஒரே பதிலைத்தான் சொல்லியிருந்தன. பிணம் ஏறிய வண்டி என்று பெயர் வந்தால் சவாரி போய்விடும். குழந்தைவேலிடம் யாரும் கேட்கவில்லை. விஷயம் காதில் விழுந்ததும் அவனே வந்து பின்கதவைத் திறந்தான்.

வண்டி கோரிமேட்டைத் தாண்டியது. கணவரின் நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிவிட்டபோது, காது மடலின் பின்புறம் வெள்ளையாக ஒரு துளி காய்ந்திருப்பதைக் கண்டாள். காருக்கு மெருகேற்றத் தேய்க்கிற பாலிஷ் காம்பவுண்டு. ஆஸ்பத்திரியில் எத்தனை முறை உடம்பைத் துடைத்துவிட்டும் அது அவள் கண்ணில் படவில்லை. நகத்தால் சுரண்டப் போனவள் கையை எடுத்துக்கொண்டாள். இருக்கட்டும்.

அந்தத் துளி தெறித்த நாள் நல்ல நாள்.

ஐப்பசி மழை பிடித்திருந்த சமயம். மருமகன் பம்பாயிலிருந்து பாலிஷ் போடும் மிஷின் ஒன்றை வாங்கி வந்திருந்தார். சொம்பைப் படுக்க வைத்த மாதிரி சின்னதாக இருந்தது. முன்பக்கம் உள்ளங்கை அகலத்துக்குக் கம்பளி வட்டு ஒன்று சுழலும். ஏரிக்குப் போகும் சாலையில் தகரக் கொட்டகை போட்டு, கார்களுக்குக் கையாலேயே மெருகேற்றி வந்தவர் ஸ்தனிஸ்லாஸ். இனிமேல் கையை வீசித் தேய்க்கக் கூடாது, இருதயம் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மிஷின் அதற்காகத்தான். அது கைக்குப் பழகினால் கொட்டகை நடக்கும்; இல்லாவிட்டால் மூடவேண்டியதுதான்.

பழகுவதற்கு ஒரு வண்டி வேண்டுமே. “மொதல்ல வேற யாரு வண்டிலயாச்சும் போட்டுப் பாருங்க மேஸ்திரி, அப்பறம் நாங்க வாரோம்” என்று ஆளாளுக்கு நழுவினார்கள். குழந்தைவேல்தான் வண்டியைக் கொட்டகைக்குள் கொண்டுவந்து நிறுத்திச் சாவியை ஆணியில் மாட்டினான்.

“நம்ம வண்டில பாருங்கண்ணா. எரும மேல கோடு போட்டா யாருக்குத் தெரியப்போவுது?”

“எரும எங்கிட்ட வந்தா குதிரையாத்தான்டா திரும்பிப் போவும்” என்றார் ஸ்தனிஸ்லாஸ்.

சாந்தாமேரி வயரைத் தோளில் போட்டுக்கொண்டு, அது பெயின்ட்டில் உரசாதபடி கணவரின் பின்னாலேயே நடந்தாள். சுவிட்சைப் போட்டதும் மிஷின் ஒரு துள்ளுத் துள்ளியது. காம்பவுண்டு சிதறி அவர் முகமெல்லாம் வெள்ளைப் புள்ளி.

“ஏனுங்க, காருக்கா, உங்களுக்கா பாலிசு?” என்று அவள் கேட்க, அவருக்குச் சிரிப்பு அடங்கவே இல்லை. பிறகு மிஷின் கைக்கு அடங்கியது. கடைசியாக மெழுகு தடவித் துடைத்ததும் பானட்டில் கொட்டகையின் தகரக் கூரை தெரிந்தது, விளக்கு தெரிந்தது, அவர் முகமும் அதன் பின்னால் அவள் முகமும் தெரிந்தன. வெளியே பட்டப்பகலில் விளக்குப் போட்டு பஸ் போய்க்கொண்டிருந்தது. அவ்வளவு மூடுபனி.

“வெளிய தள்ளி வெயில்ல ஒருக்காப் பாத்துரலாங்களா?” என்றாள்.

“வெயிலா? அதுக்கு நீ அடிவாரத்துக்குத்தான் போவோணும்.”

மூன்று பேரும் சிரித்தார்கள். குழந்தைவேல் வண்டியை எடுத்துக்கொண்டு போனான். அடுத்த வாரமே ஸ்தனிஸ்லாஸுக்கு நெஞ்சு வலித்தது.

ஆஸ்பத்திரிக்கு அவன் வந்த அன்று, படுக்கையில் கிடந்தவர் முதலில் கேட்டது அதைத்தான்.

“கொழந்தவேலு, அடிவாரத்துல வெயில் இருந்துச்சா? பாத்தயா?”

“பாத்தனுங்கண்ணா. கண்ணாடிதான். டீக்கடப் பசங்க நம்ம பானட்டப் பாத்துத் தல வாருறானுங்கன்னா பாத்துக்கங்களேன். வெரட்டி வெரட்டி எங்கையி ஓஞ்சு போச்சு.”

ஸ்தனிஸ்லாஸ் தலையணையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். “இனிக் கொட்டாய மூட வேண்டாம் சாந்தா” என்றார். அதற்குப் பிறகு அவர் பேசியதெல்லாம் தண்ணீர் வேண்டும், ஜன்னலைத் திற என்பது போன்றவைதான்.

அடிவாரத்தில், மலை ஏறுவதற்கு முன் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்ற வண்டி நின்றது. மலைமேல் மேகம் உட்கார்ந்திருந்தது. கீழே, மழை ஓய்ந்த வானத்தில் உச்சி வெயில் அடித்தது. குழந்தைவேல் பானட்டைத் தூக்கித் தண்ணீர் ஊற்றிவிட்டு மூடினான்.

மூடிய பானட்டில் சூரியன் விழுந்தது. பின்சீட்டிலிருந்து சாந்தாமேரி பார்த்தாள்.

ஒரே ஒரு சூரியனைச் சுற்றி வளையம் வளையமாகக் கோடுகள். தேங்காய் நாரால் அழுத்தித் தேய்த்த எவர்சில்வர் தட்டைப் போல. இந்த முனையிலிருந்து அந்த முனை வரை, மிஷின் போன வழியெல்லாம். மூடுபனியில் மெழுகுக்கு அடியில் ஒளிந்திருந்தவை, மெழுகு கரைந்ததும் வெயிலில் எழுந்து நின்றன.

அவள் கை தானாக நகர்ந்து கணவரின் கண்களின் மேல் படிந்தது. அவை மூடித்தான் இருந்தன.

டீக்கடைப் பக்கமிருந்து இன்னொரு டாக்சிக்காரர், பெரியண்ணன், தலையில் துண்டும் கையில் டம்ளருமாக வந்தார். காருக்குள் அவர் பார்க்கவில்லை.

“ஏப்பா கொழந்தவேலு, இன்னும் அந்த வளையத்தச் சொமந்துக்கிட்டுத்தான் திரியறயா? எவனோ வெச்சிருந்த மிஷின இரவல் வாங்கி, நல்ல வண்டிய நீயே சீரழிச்சுக்கிட்டயே!”

“உடுங்கண்ணா.”

“என்னத்த உடறது? ஞாயித்துக்கெழம காத்தால பொண்ணு ஊட்டுக்காரங்க கல்யாணத்துக்கு வண்டியப் பாக்க வாராங்கன்னயே. பொண்ணு ஏறுற வண்டிப்பா அது. பூவ வெச்சு மறைச்சுருவயா? இதப் பாத்தா வேற வண்டிக்குத்தான் போவாங்க. மலைமேல நம்ம மேஸ்திரிகிட்டக் குடுத்திருந்தா இந்தக் கெதி வந்திருக்குமா?”

“பெரியண்ணா, பேசாம இருங்க” என்றான் குழந்தைவேல். குரல் தாழ்ந்திருந்தது.

அப்போதுதான் பெரியண்ணன் குனிந்து உள்ளே பார்த்தார். தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டார். “அடக் கடவுளே. நம்ம மேஸ்திரிங்களா?” டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, வண்டி முதல் வளைவு ஏறித் திரும்பும் வரை அங்கேயே நின்றார்.

குழந்தைவேல் கண்ணாடி வழியாக ஒருமுறை பின்னால் பார்த்தான். சாந்தாமேரி கண்ணை மூடி ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தாள். அவள் காதில் எதுவும் விழவில்லை என்று அவனுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

மறுநாள் காலை அடக்கம். தூறலில் பெட்டியைச் சுமந்தவர்களில் குழந்தைவேலும் இருந்தான். கல்லறைத் தோட்டத்தில் எல்லோரும் ஒரு பிடி மண் போட்டபோது, அவன் தன் பிடியிலிருந்த கற்களைப் பொறுக்கி எறிந்துவிட்டு மண்ணை மட்டும் போட்டான்.

மாலையில் கொட்டகைக்குள் வண்டியை நிறுத்தித் தார்ப்பாயால் மூடிவிட்டு வந்து சாவியைக் கொடுத்தான்.

“தலைச்சோலைத் தோட்டத்துல காப்பிப்பழம் பழுத்து உழுவுதுங்கக்கா. ஆளு கெடைக்கல, நானும் போயித்தான் பறிக்கோணும். ரோடு ஒரே சேறு. வண்டி இங்கயே இருக்கட்டும். ஞாயித்துக்கெழம விடியாலம் வந்து எடுத்துக்கறனுங்க.”

சாவியை வாங்கிக்கொண்டு சாந்தாமேரி கேட்டாள். “கொழந்தவேலு, அண்ணன் கடசியாச் செஞ்ச வேல. நெசமாலுமே நல்லா இருந்துச்சா சாமி?”

அவன் கொட்டகைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தான். “அதான் அண்ணங்கிட்டயே சொன்னனுங்களே அக்கா. கண்ணாடிதான்.”

“செரி” என்றாள் அவள். “நனையாமப் போ.”

தான் பார்த்ததையும் கேட்டதையும் சொல்லிவிட அவளுக்கு நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் அவன் தலை குனிவான். அண்ணன் பெயர் கெடாமலிருக்க அவன் தன் பேரில் போட்டுக்கொண்ட பழியும், அவரிடம் சொன்ன பொய்யும் அம்பலமாகும். சாகப்போகிறவருக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுப்பது போலக் கொடுத்த பொய் அது. ஆண்டவர் அதைப் பாவத்தில் சேர்த்திருக்க மாட்டார் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. வாயால் திருப்பிக் கொடுக்கக்கூடிய பொருளல்ல அது. கையால்தான் கொடுக்க வேண்டும்.

மூன்றாம் நாள் சனிக்கிழமை. சாயங்காலம் பூசை. ஜெயமேரி மெழுகுவர்த்தியும் பூவும் எடுத்துக்கொண்டு முன்னதாகவே கோயிலுக்குக் கிளம்பினாள்.

“நீங்களும் வாங்கம்மா. தனியா என்ன பண்ணப் போறீங்க?”

“முந்திப் போ கண்ணு. மணி அடிக்கறதுக்குள்ள வந்துருவேன்.”

மழை தகரத்தில் கொட்டியது. அது நல்லதுதான். மூன்றாம் நாளே மிஷின் சத்தம் கேட்டால் அக்கம்பக்கம் என்ன சொல்லும் என்று அவளுக்குத் தெரியும். கொட்டகைக் கதவை உட்பக்கம் தாழிட்டாள். தார்ப்பாயைப் பாதி விலக்கினாள். சோப்புத் தண்ணீரால் கழுவி, மிச்சமிருந்த மெழுகை மண்ணெண்ணெய்த் துணியால் எடுத்தாள். மேலே தொங்கிய நூறு வாட் பல்பை எரிந்தபடியே வயரோடு இறக்கிப் பானட்டுக்கு நெருக்கமாகப் பிடித்தாள். அடிவாரத்து வெயில் கொட்டகைக்குள் வந்தது. வளையங்கள் எல்லாம் அங்கேயே இருந்தன.

கம்பளி வட்டைத் தொட்டுப் பார்த்தாள். காம்பவுண்டு காய்ந்து நார் மாதிரி விறைத்திருந்தது. இதை வைத்து இனியும் தேய்த்தால் கோடுதான் கூடும். மிஷினைப் பெட்டியிலிருந்து முழுசாக வெளியே எடுத்தபோது அடியில் மஞ்சள் நிறத்தில் வட்டமாக ஒரு ஸ்பாஞ்சு இருந்தது. மிஷின் ஆடாமலிருக்கக் கம்பெனிக்காரன் அடைத்த பஞ்சு என்று ஸ்தனிஸ்லாஸ் சொல்லி, அதன் மேலேயே மிஷினை வைத்துவிட்டிருந்தார். அவளும் அப்படித்தான் நினைத்திருந்தாள்.

இப்போது அதைத் திருப்பிப் பார்த்தாள். முதுகில் மிஷினில் திருகி மாட்டும் இரும்பு மரை. கம்பளி வட்டில் இருப்பது போலவே; கோடு விழாமல் தேய்க்கிற வட்டுதான் அது.

சாந்தாமேரிக்குச் சிரிப்பு வந்தது. அவர் இருந்திருந்தால் நெற்றியில் அடித்துக்கொண்டு, “பாத்தயா, மெத்தையச் சுருட்டித் தலைக்கு வெச்சுக்கிட்டு வெறுந்தரையில ஒறங்கின கதயா இருக்குது” என்று அவளைவிடப் பெரிதாகச் சிரித்திருப்பார். கண்ணைத் துடைத்துக்கொண்டு ஸ்பாஞ்சைத் திருகி மாட்டினாள்.

வயரைத் தோளில் போட்டாள். பின்னால் வந்து பிடிக்க ஆளில்லாததால் முந்தானையால் இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள். ஓரத்தில் உள்ளங்கையளவு இடத்தில் முதலில் பார்த்தாள். காம்பவுண்டு வேண்டாம்; கடைசித் தேய்ப்புக்கு அவர் வைத்திருந்த சன்னமான பாலிஷ் போதும். வேகத்தைக் குறைத்து, மிஷினை அழுத்தாமல் அதன் பாரத்துக்கே விட்டாள். பெயின்ட் சூடேறுகிறதா என்று புறங்கையால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். பல வருஷமாகத் துணி பிடித்த கை. எங்கே நிறுத்த வேண்டும் என்று அதற்குத் தெரிந்திருந்தது. ஒரு இடத்துக்கு ஒரு அருள் நிறைந்த மரியே. அது முடிந்ததும் அடுத்த இடம்.

பல்பைக் கொண்டுவந்து பிடித்தாள். அந்த உள்ளங்கையளவில் வளையம் இல்லை.

பிறகு அவள் தயங்கவில்லை. இடமிருந்து வலம், மேலிருந்து கீழ், சாணம் மெழுகுகிற ஒழுங்கோடு போனாள். மழை ஒருமுறை விட்டு மறுபடி பிடித்தது. தோள் வலித்தது. மிஷினை நிறுத்திவிட்டுப் புது மெழுகு தடவி, பழைய பனியன் துணியால் நேர்கோடாகத் துடைத்தெடுத்தாள். இடுக்குகளில் தங்கிய வெள்ளைப் பொடியைத் தீக்குச்சியில் துணி சுற்றி எடுத்தாள்.

கடைசியாகப் பல்பை உயர்த்திப் பிடித்தாள். கறுப்புக்குள் விளக்கு ஒற்றைப் பொட்டாக நின்றது. அருகில் அவள் முகம். முகத்துக்குப் பின்னால் தாழிட்ட கதவும், ஆணியில் தொங்கிய அவருடைய நீலச் சட்டையும் தெரிந்தன.

கோயில் மணி அடித்தது.

ஸ்பாஞ்சை அலசிப் பெட்டியில் வைத்து, மிஷினை அதன் பக்கத்தில் படுக்க வைத்தாள். தார்ப்பாயைப் பழையபடி இழுத்து மூடி, குழந்தைவேல் போட்டிருந்த மாதிரியே முடிச்சுப் போட்டாள். தார்ப்பாயை விலக்கும்போது அதன் மேலிருந்து விழுந்த சில்வர் ஓக் இலை ஒன்று தரையில் கிடந்தது. குனிந்து எடுத்து, தார்ப்பாயின் மேல் அது இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, விளக்கை அணைத்தாள்.