எட்டாம் பாடு

1985ஆம் ஆண்டு ஜூலை 8, திங்கட்கிழமை, பழவேற்காடு ஏரியின் கிழக்குக் கரையில் உள்ள திட்டுக்குப்பம் தொடக்கப் பள்ளியில் இருபத்திரண்டு மரக்கன்றுகள் நடப்பட்டன. பள்ளியின் வருகைப் பதிவேட்டில் இருபத்திரண்டு பெயர்கள் இருந்தன.

அதற்கு முந்தைய இரண்டு வருடங்களிலும் கன்றுகள் வந்தன. வனத்துறை நாற்றங்காலிலிருந்து படகில் கொண்டுவந்து இறக்குவார்கள். பிள்ளைகள் வரிசையில் நின்று பாடுவார்கள். ஒரு மாதத்தில் பாதியை ஆடு மேய்ந்துவிடும், மீதி காய்ந்துவிடும். எல்லாருக்கும் பொதுவான செடி, அதனால் ஒருவரும் தண்ணீர் ஊற்றவில்லை. ஜூனில் புதிதாக வேலைக்கு வந்திருந்த மஸூதா டீச்சருக்கு இதைக் கேட்டதும் ஒரு யோசனை தோன்றியது. அவள் ஏரிக்கு அக்கரையில், பழவேற்காட்டு டவுனில் பிறந்தவள். பயிற்சி முடித்து நான்கு வருடம் காத்திருந்து வாங்கிய வேலை. குப்பத்து வழக்கம் அவளுக்குத் தெரியும்.

ஏரியில் மீன் கிடைக்கும் இடங்களைக் குப்பத்து ஆண்கள் முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். அதற்குப் பாடு என்று பெயர். சீட்டுப் போட்டு எடுப்பார்கள். யார் பாடோ அவன்தான் அங்கே வலை வைக்கலாம். அவன் காய்ச்சலில் படுத்துக் கிடந்தால் அந்த இடம் சும்மா கிடக்கும். கூடப் பிறந்தவனே ஆனாலும் அதில் கை வைக்க முடியாது. வைத்தால் ஊர் கூடிவிடும்.

செடிக்கும் பாடு போட்டால் என்ன என்று நினைத்தாள் மஸூதா. ஒரு பிள்ளைக்கு ஒரு குழி. அடிகுழாய்த் தண்ணீர் ஒரு குடம், மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவுகிற தண்ணீர், சிலேட்டு கழுவுகிற தண்ணீர், எல்லாம் அவரவர் குழிக்கு. ஊரில் பாடு நோட்டு வைத்திருந்த துளசிங்கத்தைக் கூப்பிட்டாள். விளையாட்டென்று அவர் நினைக்கவில்லை. வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, சீட்டுப் போட ஊர்க் கலயத்தையே எடுத்துவந்தார்.

தலைமை ஆசிரியர் உலகநாதன் அன்று பொன்னேரிக்குப் போயிருந்தார். அவர் மேசை மேல் இருந்த பதிவேட்டைப் பார்த்து மஸூதா சீட்டுகளில் பெயர்களை எழுதினாள். அவள் நடத்துவது மூன்றாம் வகுப்பு வரைதான். நான்கும் ஐந்தும் அவருடையவை. அந்தப் பிள்ளைகளின் பெயர்கள் அவளுக்கு இன்னும் மனப்பாடமாகவில்லை.

ஏழு சீட்டு வரை சிரிப்பும் கூச்சலுமாக இருந்தது. எட்டாவதைப் பிரித்து, "கோ. நாகபூஷணம், நாலாம் வகுப்பு" என்று படித்தாள்.

யாரும் எழுந்து வரவில்லை.

"நாகபூஷணம் இன்னிக்கு வரலியா?"

முன்வரிசையில் இருந்த ஒருத்தி சொன்னாள்: "அவ புயல்ல பூட்டா டீச்சர்."

சென்ற நவம்பர் புயலின்போது பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு அக்கரைக்குப் போன படகு நடு ஏரியில் கவிழ்ந்ததை மஸூதா கேள்விப்பட்டிருந்தாள். ஏரியில் அரை மைல் நடந்தாலும் தண்ணீர் இடுப்புக்கு மேல் ஏறாது. நடுவில் ஓடும் ஓடை ஒன்றுதான் ஆழம். படகு ஓடையில் கவிழ்ந்தது. எல்லாரையும் தூக்கினார்கள். ஒரு பிள்ளை மட்டும் கிடைக்கவில்லை. அதன் பெயர் அவளுக்குத் தெரியாது.

அவள் சீட்டை மடித்தாள். "இத எடுத்துட்டு வேற பேரு போட்டுடலாங்களா பெரியவரே?"

துளசிங்கம் தலையாட்டினார். "வுழுந்த பாடு வுழுந்ததுதான் டீச்சரம்மா. ஒடம்பு கெடைக்கல. காரியம் ஆவல. உங்க நோட்டுல பேரு கீது. நா எப்டி இல்லேன்றது?"

எட்டாம் குழி ஏரிப் பக்கத்து மூலையில் இருந்தது. புங்கங்கன்று. அதை அவரே நட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் மஸூதா நடந்ததை உலகநாதனிடம் சொன்னாள். அவர் பதிவேட்டைத் திறந்து காட்டினார். நாகபூஷணத்தின் பெயருக்கு நேரே, டிசம்பரிலிருந்து தினமும் நீல மையில் ஒரு கோடு. அந்தப் பள்ளியில் ஒரு நாள்கூட லீவு எடுக்காத பிள்ளை அவள் ஒருத்திதான்.

"ஒரு பேர் கொறஞ்சா ரெண்டாவது போஸ்ட்டு போயிடும்" என்றார். "ரெண்டாவது போஸ்ட்டு நீங்க. கண்டும் காணாம வுட்ருங்க. தண்ணி ஊத்தலன்னா பத்து நாள்ல செடி காஞ்சிடும். அதோட முடிஞ்சிது."

பத்து நாளும் மழை இல்லை. மேல்காற்று மணலை வாரி அடித்தது. பிள்ளைகள் ஊரில் நைனாமார் பேசுகிற தோரணையில், "என் பாட்டாண்ட இன்னாடா வேல உனுக்கு?" என்று ஒருவரையொருவர் விரட்டிக்கொண்டு தண்ணீர் ஊற்றினார்கள். ஆடு நெருங்கினால் கல் பறந்தது. எட்டாம் குழிப் பக்கம் யாரும் போகவில்லை. ஒருநாள் மஸூதா குடத்தைத் தூக்கிக்கொண்டு அங்கே போனபோது மூன்று பிள்ளைகள் எதிரே வந்து நின்றார்கள். "அது பூஷணம் பாடு டீச்சர்." அவள் திரும்பிவிட்டாள். கன்றின் இலைகள் தொங்கிப்போயிருந்தன.

பதினோராம் நாள் காலை அவள் படகிலிருந்து இறங்கி வந்தபோது இலைகள் நிமிர்ந்திருந்தன. குழி மண் கறுத்து ஈரமாக இருந்தது. மணலில் சொட்டுச் சொட்டாக ஒரு கோடு. அது அடிகுழாயிலிருந்து வரவில்லை, ஏரியிலிருந்து வந்தது. மஸூதா குனிந்து ஈர மண்ணைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். உப்பு.

உப்புத் தண்ணீரில் இளங்கன்று பிழைக்காது என்று அந்த வாரம்தான் பாடம் நடத்தியிருந்தாள்.

"யாரு ஊத்துனது?" என்று வகுப்பில் கேட்டாள்.

பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "அவ பாடு, அவதான் ஊத்துவா" என்றாள் ஒருத்தி, பெரிய மனுஷி சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல.

மறுநாளும் ஈரம் இருந்தது. அதற்கு மறுநாளும். அடுத்த வாரம் ஒருநாள் சத்துணவு போடும்போது பிள்ளைகள் இருபத்திரண்டு தட்டு வைத்தார்கள். ஒரு தட்டுக்கு முன்னால் ஆள் இல்லை. பாடு இருக்கிறவளுக்குச் சோறு இல்லையா என்று கேட்டார்கள். சமையல்காரி தலையிலடித்துக்கொண்டு ஒரு கரண்டி வைத்தாள். சாப்பிட்டு முடித்ததும் பக்கத்தில் இருந்தவள் அந்தத் தட்டை எடுத்துக்கொண்டுபோய் எட்டாம் குழிக்கு ஒரு அடி தள்ளி வைத்தாள். கழுவவில்லை. கழுவுவது அவள் வேலை இல்லையாம். மறுநாள் காலையில் தட்டு கழுவியிருந்தது.

தாய்க்காரிதான் செய்கிறாள் என்று மஸூதா நினைத்தாள். பூபதி பள்ளிக்குப் பின்னால் மணலில் கருவாடு காயவைப்பவள். ஆள் ஒல்லி, யாரோடும் பேச்சில்லை. ஒருநாள் அவளே வந்து குழிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நீங்கதான் ஊத்துறீங்களா டீச்சர்?"

"நான் இல்லியேம்மா. நீங்கன்னு இருந்தேன்."

பூபதி மண்ணைத் தொட்டுப் பார்த்தாள். அவள் முகத்தில் மெல்ல ஒரு தெளிவு வந்தது. மஸூதாவுக்கு அது பிடிக்கவில்லை. "அவளால கொடம் தூக்க முடியாது" என்றாள் பூபதி. "கையிலதான் ஏந்திக்கினு வரா போல. அதான் வழியெல்லாம் சிந்துது." அன்று மாலை ஒரு பித்தளைச் சொம்பைக் கொண்டுபோய்த் தண்ணீர் ஓரத்தில் வைத்தாள். மறுநாள் மணலில் சொட்டுக் கோடு இல்லை. குழி மட்டும் ஈரமாக இருந்தது.

ஆகஸ்ட் முதல் வாரத்தில் பூபதியின் புருஷன் கோதண்டம் பள்ளி வாசலில் வந்து நின்றான். உள்ளே வரவில்லை.

"ஆடி கழிச்சி காரியம் பண்றதுன்னு அவளே ஒத்துக்கினு இருந்தா டீச்சர். இப்ப காலங்காத்தால ஏரில எறங்கறா. மொத நாளு மொழங்காலு. நேத்து இடுப்பு. கேட்டா, புள்ள சொம்பு கொண்டாரா, பாதி வழிக்கினா எதிர்ல போவணும்ன்றா." அவன் எட்டாம் குழியைப் பார்த்தான். "அத்த புடுங்கிப் போடுங்க. இல்லாங்காட்டி இவளயும் நா ஓடைல தேடணும்."

"நீங்களே புடுங்கலாமே."

"அது எம் பாடு இல்ல டீச்சர்" என்றான் கோதண்டம்.

அவள் துளசிங்கத்திடம் போனாள். அவர் வலைக்கு ஈய மணி கோத்துக்கொண்டிருந்தார். நிமிராமலே சொன்னார்: "செடியப் புடுங்குனா பாடு தீராது. பேர எடுத்தாத்தான் தீரும். எங்க நோட்டுல எழுதியிருந்தா நா எடுத்துடுவேன். உங்க நோட்டுல இல்ல கீது? எழுதுன கைதான் எடுக்கணும்."

உலகநாதன் மறுத்தார். பதிவேடு அரசாங்கத்துடையது, எட்டு மாதம் போட்ட கோட்டுக்கு யார் பதில் சொல்வது என்றார். மஸூதாவும் வற்புறுத்தவில்லை. அடுத்த வாரம் பார்க்கலாம் என்று நினைத்தாள். அதற்குள் பூபதி ஓய்ந்துவிடுவாள், அல்லது கன்று தானாகப் பட்டுப்போகும். நான்கு வருடம் காத்திருந்த வேலை. படகில் போகும்போதும் வரும்போதும் அந்த மூலையைப் பார்க்காமல் இருக்கப் பழகினாள். கன்று இரண்டு புதுத் துளிர் விட்டது. மற்ற கன்றுகளை விட அது ஒரு சாண் உயரம்.

ஆகஸ்ட் 12 காலை காற்றே இல்லை. ஏரி பாய் விரித்ததுபோலக் கிடந்தது. தண்ணீரும் வானமும் ஒரே வெளுப்பு. படகுக்காரர் காஜா மைதீன் கோல் ஊன்றுவதை நிறுத்திவிட்டுக் கையைக் கண்ணுக்கு மேல் வைத்துக்கொண்டார்.

"யாரும்மா அது, நட்ட நடு ஏரில?"

கரையிலிருந்து வெகுதூரத்தில், கண்ணுக்கெட்டியவரை ஒன்றுமில்லாத தண்ணீரில், ஒரு தலையும் தோளும் மட்டும் தெரிந்தன. பக்கத்தில் வந்தபோது பூபதி என்று தெரிந்தது. ஓடையின் விளிம்பில் நின்றுகொண்டிருந்தாள். தண்ணீர் கழுத்தைத் தொட்டது. வலது கையை முன்னால் நீட்டியிருந்தாள், யாரோ எதையோ கொடுப்பதை வாங்கிக்கொள்ளப் போகிறவள்போல. மெதுவாக, சமாதானமாகப் பேசிக்கொண்டிருந்தாள்.

"யாராண்ட பேசுது இந்தம்மா?" என்றார் காஜா மைதீன் குரலைத் தாழ்த்தி.

"மாமா, சீக்கிரம்."

இருவரும் சேர்ந்து அவளைப் படகுக்குள் இழுத்துப் போட்டார்கள். அவள் திமிறவில்லை. நனைந்த சேலையோடு உட்கார்ந்து ஓடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இன்னும் நாலு அடிதான் டீச்சர் இருந்துச்சு. நீட்டிக்கினு நின்னுது."

மஸூதாவும் பார்த்தாள். ஓடைத் தண்ணீர் கறுப்பாக இருந்தது. காற்று இல்லாத அந்தக் காலையில் ஓடையின் அந்தப் பக்கத்தில் மட்டும் சின்ன வட்டங்கள் விரிந்துகொண்டிருந்தன, ஒன்றன்பின் ஒன்றாக, அக்கரையை நோக்கி. மீனாக இருக்கும் என்றார் காஜா மைதீன். அதற்கப்புறம் அவரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

பள்ளிக்கு வந்ததும் மஸூதா நேரே தலைமை ஆசிரியர் மேசைக்குப் போனாள். சிவப்பு மைப் பேனாவை எடுத்துக்கொண்டாள். உலகநாதன் எழுந்து, "யோசிச்சிதான் செய்றீங்களா?" என்று கேட்டார்.

"எழுதுன கை எடுக்கணுமாம் சார். சீட்டுல எழுதுனது நான்."

அவர் பதிவேட்டை அவள் பக்கம் நகர்த்தினார்.

பிள்ளைகளை வெளியே வரிசையில் நிற்கவைத்தாள். துளசிங்கமும் கோதண்டமும் வந்தார்கள். பூபதி ஈரத் துணியோடு குழிக்குப் பக்கத்தில் நின்றாள். மஸூதா பெயரின் மேல் ஒரு கோடு இழுத்து, அதன் பக்கத்தில் எழுதியதை உரக்கப் படித்தாள்: "கோ. நாகபூஷணம், நாலாம் வகுப்பு. 1984 நவம்பர் 13 அன்று ஏரியில் இறந்துபோனாள்."

பூபதி மெல்ல மண்ணில் உட்கார்ந்தாள்.

"பாடு தீந்துது" என்றார் துளசிங்கம். "ஆளில்லாத பாடு பெத்தவளுக்கு. அடிகொழா தண்ணிதான் ஊத்தணும் பூபதி. கேட்டுக்கினியா?"

அன்று மத்தியானம் பிள்ளைகள் இருபத்தொரு தட்டு வைத்தார்கள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

மறுநாள் காலையில் எட்டாம் குழி காய்ந்திருந்தது. தண்ணீர் ஓரத்தில் பூபதி வைத்திருந்த சொம்பு குழிக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்திருந்தது. எடுத்தால் அடியில் ஈர மணல், வட்டமாக. தான் வைக்கவில்லை என்றாள் பூபதி. வேறு யாரையும் யாரும் கேட்கவில்லை.

நாகபூஷணத்துக்குக் காரியம் அந்த மாதம் 25ஆம் தேதி நடந்தது. செப்டம்பரில் திட்டுக்குப்பம் பள்ளியின் இரண்டாவது ஆசிரியர் பணியிடம் நீக்கப்பட்டது. தவறான வருகைப் பதிவுக்காக உலகநாதனுக்கு ஒரு வருட ஊதிய உயர்வு நிறுத்தப்பட்டது. மஸூதாவைத் திருப்பாலைவனத்துக்கு அப்பால் ஒரு பள்ளிக்கு மாற்றினார்கள். 1986 ஜனவரியில் கன்றுகளைக் கணக்கெடுத்தபோது இருபத்திரண்டில் பத்தொன்பது உயிரோடு இருந்தன. எட்டாவது அவற்றில் ஒன்று.