அட்டை ஜாடித் தண்ணீர்

அழுக்குத் தண்ணீரைக் கண்டாலே எனக்கு ஆகாது. பதினாறு வருடமாகத் தண்ணீர்த் தொட்டி கழுவுகிறவன் நான். பாசி பிடித்த தொட்டிக்குள் இறங்கித் தேய்த்து, பிளீச்சிங் பவுடர் போட்டுச் சுத்தமாக்கிவிட்டுத்தான் மேலே ஏறுவேன்.

என் மனைவி தையல்காரி. துணி வெட்டும் இயந்திரம் அவளுடைய வலது கட்டைவிரலைத் துண்டாக எடுத்துவிட்டது. டாக்டர் ஒன்பது மணி நேரம் உட்கார்ந்து ஒட்டித் தைத்தார். விரலுக்குள் போகிற ரத்தம் திரும்பி வர வழியில்லை, தேங்கினால் விரல் செத்துவிடும், புது ரத்தக்குழாய் துளிர்க்கும்வரை அட்டைதான் உறிஞ்சி எடுக்க வேண்டும் என்றார். கேலி செய்கிறாரோ என்று முறைத்தேன். நிஜமாகவே ஒரு ஜாடியில் ஏழு அட்டைகளைக் கொண்டுவந்து கட்டிலருகே வைத்துவிட்டார்கள். கரப்பான்பூச்சிக்கே ஊரைக் கூட்டுகிறவள் என் மனைவி. அட்டை கடித்ததும் விரலில் நீலம் போய்ச் சிவப்பு வருவதைப் பார்த்து, "என் தங்கம், நல்லா குடி" என்று அதைக் கொஞ்சினாள்.

மூன்றாம் நாள் காலை ஜாடித் தண்ணீர் கலங்கிக் கிடந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவ்வளவு பெரிய ஆஸ்பத்திரியில் ஒருத்தருக்குக்கூடவா கண் இல்லை? யாரிடமும் கேட்கவில்லை. ஜாடியை நன்றாக அலசிக் குழாய்த் தண்ணீர் பிடித்து வைத்தேன். பளிச்சென்று இருந்தது.

பதினொரு மணிக்கு நர்ஸம்மா இடுக்கியால் ஒன்றை எடுத்தார். அசையவில்லை. ஏழும் செத்திருந்தன. குழாய்த் தண்ணீரில் பிளீச்சிங் இருக்குமே, அட்டைக்கு அது விஷமாச்சே, யார் மாற்றியது என்று கேட்டார். நான்தான் என்றேன். பிளீச்சிங்கைப் பற்றி எனக்கே ஒருவர் சொல்லித்தர வேண்டியதாகிவிட்டது.

வேறு அட்டை வர மறுநாளாகும் என்றார்கள். டாக்டர் ஊசியால் குத்திக் குத்தி ரத்தத்தை வடித்தார். போதவில்லை. நீலம் கறுப்பாகிக்கொண்டே போனது. கட்டிலுக்கும் வராந்தாவுக்கும் நடந்து நடந்து கால் ஓய்ந்ததுதான் மிச்சம். என்னால் வேறு ஒரு மண்ணும் செய்ய முடியவில்லை.

மறுநாள் புது அட்டையை விரலில் விட்டார்கள். கடிக்கவில்லை, நகர்ந்து உள்ளங்கைக்குப் போனது. திரும்ப எடுத்து விட்டார்கள். திரும்பவும் போனது. செத்த சதையை அட்டை கடிக்காது என்றார் டாக்டர்.

"விடுங்க. நல்லதுன்னு நெனச்சுத்தானே செஞ்சீங்க" என்றாள் அவள். என்னை நாலு அறை அறைந்திருக்கலாம்.

விரலை எடுத்துவிடச் சம்மதம் என்ற தாளை நர்ஸம்மா நீட்டினார். அவளால் பேனா பிடிக்க முடியாது.

"நீங்களே போட்டுடுங்க" என்றாள்.

போட்டேன்.